உள்பக்கம் திறக்கும் கதவு

ஓட்டுநருக்கு அறுபத்தெட்டு வயது. ஊரெல்லாம் பஸ் ஓட்டித் திரிந்தவர், ஓய்வு பெற்ற பிறகு மூன்றாம் மாடி வீட்டுக்குள்ளேயே செக்கு மாடாகச் சுற்றிவந்தார். காரணம், தொண்ணூறைத் தாண்டிய அப்பா. கிழவர் ஒருமுறை படியில் தடுக்கியதிலிருந்து, மகன் அவரைக் கீழே இறங்க விடுவதில்லை. அவரைத் தனியாக விட்டுத் தானும் இறங்குவதில்லை. மளிகைகூட மேலேதான் வந்தது.

மாதம் ஒருமுறை சுகாதார நர்ஸ் வருவாள். அப்பாவைச் சோதித்துப் பார்த்து, "தாத்தா கல்லு மாதிரி இருக்காரு" என்று மெச்சிவிட்டுப் போவாள். பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகனை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை.

அன்று காலை குளியலறையில் ஓட்டுநருக்குக் கால் வழுக்கியது. விழுந்த வேகத்தில் முழங்கால் மடங்கி, கதவுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. கதவோ உள்பக்கம் திறப்பது.

"அப்பா!"

அப்பா காதுக் கருவியை மாட்டியிருக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கைத்தடிச் சத்தம் வந்தது.

"ஏண்டா, இன்னுமா குளிக்கிற? பசிக்குதுடா."

"விழுந்துட்டேம்பா! கீழ தையல்காரருக்கு ஃபோன் போடுங்க!"

"கோவமா? நேத்து உப்பு இல்லைன்னு சொன்னதுக்கா? சரி, நல்லாத்தான் இருந்துச்சு. வெளிய வா."

ஓட்டுநருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. குவளையால் கதவை ஓங்கி ஓங்கி அடித்தார். அப்பா வெளியிலிருந்து தள்ளினார். உள்ளே எழுந்த அலறல் அந்த மந்தக் காதிலும் விழுந்துவிட்டது.

"விழுந்துட்டியாடா? இரு, ஆளைக் கூட்டிட்டு வரேன்."

வாசல் தாழ்ப்பாள் விலகியது. ஓட்டுநர் கதவில் வாயை வைத்துக் கத்தினார்.

"இறங்காதீங்கப்பா! படி! படி!"

கைத்தடி ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டே இறங்கியது. நடுவில் சத்தம் நின்றது. ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வலிகூட மறந்துபோயிற்று. அப்புறம் மறுபடி டொக், டொக். கடைசியில் தையல்காரர் தடதடவென்று மேலே ஓடிவந்தார். கதவின் கீழ்ப்பலகையைப் பெயர்த்துத்தான் ஓட்டுநரை வெளியே இழுக்க முடிந்தது.

அடுத்த முறை வந்தபோது நர்ஸ், காலில் கட்டோடு படுத்திருந்தவரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.

"கடைசியா எப்ப சார் பாத்தீங்க?"

"வேலையில இருந்தப்ப."

காட்டிய எண்ணைக் கண்டு அவள் முகம் சுருங்கியது.

"இவ்ளோ இருக்கே! மாத்திரை ஆரம்பிக்கணும். கால் தேறினதும் தினமும் வெளிய போய் நடக்கணும்."

"அப்பாவை யாரும்மா பாத்துக்குவா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "தாத்தா எங்க?"

கீழே தையல்கடையிலிருந்து கிழவரின் வெடிச்சிரிப்பு ஜன்னல் வழியாக ஏறிவந்தது. இந்த வீட்டுக்குள் அப்பா அப்படிச் சிரித்து மகன் கேட்டதே இல்லை.

"யாரு இறக்கிவிட்டது?"

"யாரும் இல்ல. அவராவே போறாரு, தினமும்."

சொல்லிவிட்டு ஓட்டுநர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். கால் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.