சாந்த்ராகாச்சிக்கு வழி

துர்கா பூஜை அஷ்டமியன்று மத்தியானம் கீழ் வீட்டுக்குச் சாப்பிடப் போகவேண்டும் என்பதால் முகுந்த் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன் உட்கார்ந்துவிட்டான். டாலிகஞ்சுக்குக் குடிவந்து இரண்டு வருடம். ஒருவரும் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நேற்று மாடிப்படியில் கீழ் வீட்டு அண்ணி, பூர்ணிமா பௌதி, நிறுத்தி, ஒரு மணிக்குள் வரச் சொல்லி, "ஏஷோ கிந்து" என்றாள். வங்காளியில் கட்டாயம் வா என்று அர்த்தம். இரண்டு படி இறங்கித் திரும்பி இன்னொரு முறையும் சொன்னாள். அந்த இரண்டாவது முறைக்காகத்தான் இஸ்திரி.

பூஜை நாட்களில் ஆபீஸ் வேலை யாருக்கு என்பதில் விவாதமே கிடையாது. உனக்குத்தான் பூஜை இல்லையே என்று சிரித்துக்கொண்டே இவன் தலையில் கட்டிவிடுவார்கள். கம்பெனியின் மென்பொருள்கள் கிளவுடில் கண்டெய்னர் என்ற சின்னச் சின்னப் பெட்டிகளில் ஓடுகின்றன. இதுவரை அவற்றின் தகவல்களை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பினார்கள். இனி உறை வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் கிளவுட் நெட்வொர்க்கிலேயே சொந்த முகவரி, நேர் வழி. அதற்கு எந்த முகவரி வரிசையை எடுக்கலாம் என்று சப்தமியன்று ஆபீஸ் குரூப்பில் கேட்டிருந்தான். பூஜைப் பந்தலில் நிற்பவர்கள் எங்கே பார்த்தார்கள்? யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் சரி என்று எடுத்துக்கொண்டான்.

மாற்றி முடித்துக் காபி கலக்கும்போது போன் வந்தது. கம்பெனியின் சாந்த்ராகாச்சி கிடங்கிலிருந்து ஜெய்ராம். ஹிந்தியில் ஆரம்பித்தவர், முகுந்தின் "ஐயோ"வைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"ஸார், ஒரு பில்லும் பிரிண்ட் ஆகல. லாரிங்க வரிசையா நிக்குது."

முகுந்த் காபியை அப்படியே விட்டான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினான். அவன் பெட்டிகளுக்குக் கொடுத்தது அந்தக் கிடங்கு வருடக்கணக்காக வைத்திருக்கும் அதே முகவரி வரிசை. கிடங்குக்குப் போகவேண்டிய பில்லெல்லாம் வெளியே போகாமல் உள்ளேயே ஆளைத் தேடிக்கொண்டிருந்தன. வேறு வரிசை கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி கிளப்பினான்.

"வந்துடுச்சு! பிரிண்டர் கத்தறது கேக்குதா?"

மணி பன்னிரண்டரைதான். அப்போதே போனை வைத்திருக்கலாம்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டான்.

"பொறந்ததே இங்கதான் ஸார். தமிழ் வீட்டோட சரி. திட்டலாம்னுதான் போன் போட்டேன், தமிழ்னதும் திட்ட வரல."

முகுந்த் சத்தமாகச் சிரித்தான். தன் சிரிப்பு அந்த அறையில் அவனுக்கே புதிதாக இருந்தது. பிறகு மழை, மீன் விலை, மெட்ரோ கூட்டம் என்று அவன்தான் பேச்சை இழுத்துக்கொண்டே போனான்.

"பொண்ணு சாப்பாடு எடுத்துட்டு வந்து கேட்ல நிக்கிறா. வெக்கட்டுமா ஸார்?"

ஹெட்போனைக் கழற்றினான். ஒன்றே முக்கால். ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வாசலில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. அதைத் தாண்டிக் கீழே ஓடினான். பௌதி வீட்டில் பூட்டுத் தொங்கியது.

மெதுவாக ஏறி வந்து மூடியை எடுத்தான். கிச்சுடி ஆறி இறுகியிருந்தது. ஓரத்தில் நமுத்த கத்தரிக்காய் பஜ்ஜி. கதவைத் தட்டியிருப்பாள். அவளைத் தெரியும், இரண்டு முறை தட்டியிருப்பாள்.

அழுகை வந்தது. பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கசங்காத சட்டையோடு நிலைப்படியிலேயே உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல், முகுந்த் சாப்பிட ஆரம்பித்தான்.