நூற்றைம்பதாம் பக்கம்

...சிரித்திருக்கக் கூடாது, அதுவும் முதல் ஆளாக. மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெண்ணைப் பெற்றவள் தூணோரம் நின்று களுக்கென்று சிரித்துவைத்தால் அதற்கு என்ன அர்த்தம், சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்... பக்கத்து ஊரில் சொந்தக்காரர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு ஐந்து மணிவரை இருப்பார்களாம், அதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டுமாம், வந்த மூன்று காரில் ஒன்றையும் அதை ஓட்டும் மருதுவையும் பதிலுக்காக வாசலில் விட்டுப் போயிருக்கிறார்கள். மணி நாலரை. சிகப்பி உக்கிராண அறையில் சாமான் எடுத்துவைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகம் இருந்தது, திறக்கவில்லை. பொருத்தம் எல்லாம் பார்த்தாயிற்று, அவர்கள் மாத்தூர் கோயில், இவர்கள் இளையாத்தங்குடி, ஒரே கோயிலாக இருந்து அண்ணன் தங்கை முறையாகிவிடும் சங்கடம்கூட இல்லை. "பொண்ணு மனசு என்னன்னு கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர், மகள் உமையாளின் அப்பச்சி, முகப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். கேட்க வேண்டியது அவள், ஆனால் அவள்தான் சிரித்துத் தொலைத்துவிட்டாளே.

அப்படி என்ன சொல்லிவிட்டான் அந்தப் பையன்? உமையாள் காரைக்குடிக் கல்லூரியில் பி.எஸ்சி. கடைசி வருஷம், மேலே என்ன செய்வதாக உத்தேசம் என்று யாரோ ஒப்புக்குக் கேட்க, எம்.எஸ்சி. படிக்கணும் என்று தலையை நிமிர்த்தியே சொன்னாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, தன் தகப்பனாரைப் பார்த்து, "நமக்குப் பொண்டாட்டிதான் வேணும் அப்பச்சி, பரிச்சை வைக்கிற வாத்தியாரம்மா வேண்டாம்னு சொல்லுங்க" என்றான், ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு. அந்தப் புருவம்தான் குடியைக் கெடுத்தது. இருபது தடவையாவது படித்திருப்பாள் அந்தப் புருவத்தை, இங்கிலீஷ் காதல் கதைகளில், மழையில் நனைந்த குதிரையை விட்டு இறங்கி, சேற்றுக் காலோடு கூடத்துக்குள் வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்திருக்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, அவள் காதில் விழும்படியே எடுத்தெறிந்து பேசும் பிரபு... முதல் சந்திப்பில் அவன் அப்படித்தான் பேச வேண்டும், மரியாதையாகப் பேசினால் அவன் கதாநாயகன் இல்லை, அவனுடைய சோப்ளாங்கித் தம்பி. சிகப்பிக்கு உள்ளே ஒரு குதியாட்டம், அட, வந்துட்டாரய்யா என்று... சிரிப்பு அங்கே இருந்து வந்ததுதான், பையனுக்காக வந்ததில்லை. உமையாள் ஒரு நொடி திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

எல்லாம் இந்தப் புத்தகத்தால் வந்த வினை. ஈப்போவில் கான்வென்டில் ஐந்தாவது படிக்கும்போது, ஜப்பான்காரன் குண்டு போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கப்பலேறி நேமத்தான்பட்டிக்கு வந்தவள், பத்து வயசு இங்கிலீஷை ஊறுகாய் மாதிரி கெடாமல் வைத்திருந்து, அகராதியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படிக்கிறாள். காரைக்குடியில் பழைய புத்தகக் கடை போட்டிருக்கும் மீரான் சாகிபு, "ஆச்சிக்கு ராணி காலத்துப் புஸ்தகம் ரெண்டு வந்திருக்கு" என்று உமையாளிடம் கொடுத்துவிடுவார், அட்டையில் தோள் தெரிய ஒருத்தி நிற்பதால் முருகன் காலண்டர் தாளைக் கிழித்து உறை போட்டாயிற்று, மாமியார் இருந்தவரை மருமகளுக்கு என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். மெச்சட்டும், அதுவும் ஒரு பக்திதானே? அந்தப் புத்தகங்களில் யாரும் சாவதில்லை, முன்னூறு பக்கத்தில் போனால் போகிறதென்று ஒரு ஜலதோஷம், வண்டிச் சக்கரம் சரியாகப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் உடையும், கடைசியில் கல்யாணம், பாதிரியார், பூ. சுத்தப் பொய் என்று தெரியாதா அவளுக்கு, அத்தனை பாவாடையைக் கட்டிக்கொண்டு சித்திரை மாசத்தில் செட்டிநாட்டில் பத்து நிமிஷம் நின்று பார்க்கட்டுமே அந்தச் சீமாட்டி. ஆனாலும் இந்த வீட்டில் என்ன குறைச்சல், அதே பெல்ஜியம் கண்ணாடி, அதே சரவிளக்கு, அதே பளிங்குத் தரை, ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்கூடப் பெட்டியில் கிடக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இல்லை, காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்து முட்டை வேகவில்லை என்று ஆரம்பித்து அரைமணி நேரம் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு... புருஷனும் பெண்டாட்டியும் பட்டப்பகலில், நாலு பேர் காது கேட்க. முத்தம் வரும் பக்கங்களை அவள் வேகமாகத் தள்ளிவிடுவாள், அந்த வாய்ச்சண்டைகளை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பாள், அவ்வளவு ஆசையாக இருக்கும்.

அவர் பேசாதவர் என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போலக் கூடத்தில் உட்கார்ந்து, "உயரம் இம்புட்டுத்தானா?" என்று அவரும் கேட்டார், அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். போகப் போகச் சரியாப் போகும் என்று அத்தைமார்கள் சொன்னார்கள், கல்லானாலும் கணவன் என்று அவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள், புத்தகம் எழுதுகிறவள்தான் கல்லைக் கரைத்தே காட்டினாள், நூற்றைம்பதாம் பக்கத்துக்குள் பிரபு தனியாக ஜன்னலோரம் நின்று, தான் பேசியதை எல்லாம் நினைத்து வெட்கப்படுவான். சிகப்பியும் காத்திருந்தாள், முதல் வருஷம், உமையாள் பிறந்த வருஷம், அவர் ரங்கூன் கடையை மூடிவிட்டு வந்த வருஷம்... இப்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் நிற்கிறாரே என்று பார்த்தால் மாட்டுக்காரன் வந்துவிட்டானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். நல்லவர்தான், கை நீட்டியதில்லை, குடி இல்லை, அவளுக்கு ஜுரம் வந்தால் டாக்டரை வீட்டுக்கே வரவழைப்பார், ஆனால் அந்தப் பக்கம் மட்டும் வரவே இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவள் எப்படி இருப்பாள், அவளும் எங்கோ ஒரு குளிர்காலத்தில் பேசாத புருஷனுக்கு முட்டை வேக வைத்துக் கொடுத்துவிட்டு வந்து எழுதியிருப்பாளோ, மாறத் தெரியாத ஆளைக் காகிதத்திலாவது மாற்றிப் பார்ப்போம் என்று... இதை ஏன் இத்தனை நாள் நினைக்கவில்லை?

உமையாள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள், பட்டுச்சேலையை இன்னும் மாற்றவில்லை. மற்ற நாளாக இருந்தால், "ஒங்க பிரபு இன்னைக்கு என்ன செஞ்சாரு ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். இன்றைக்கு மடியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சிரிச்சீக" என்றாள். ஆமாம் என்றாள் சிகப்பி, வேறென்ன சொல்வது. "ஒங்களுக்குப் பிடிச்சிருந்தா எனக்கும் சரிதான் ஆத்தா, நீங்க அம்புட்டுப் படிச்சிருக்கீக, ஆளைப் பாத்தாத் தெரியும் ஒங்களுக்கு. இப்ப அப்படித்தான் பேசுவாக, அப்புறம் மாறிருவாகதானே?" போகப் போக என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அத்தைமார்கள் அவளுக்குக் கொடுத்த அதே வார்த்தை, அப்படியே எடுத்து மகள் கையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் இவள் போய்விடுவாள், போய், எந்த வீட்டின் எந்த அறையில் மூட்டை மேல் உட்கார்ந்து எத்தனை வருஷம்... "எனக்குத் தெரியல, உமையா" என்றாள். "நான் சிரிச்சது அவனைப் பாத்து இல்ல. கதையில வர்ற மாதிரி பேசுனான், சிரிச்சுட்டேன். மாறுன ஆம்பளைய நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்." உமையாளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் சிரிக்கவும் செய்தாள், அப்புறம் மெதுவாக, "எனக்குப் படிக்கணும் ஆத்தா" என்றாள்.

வாசலில் மருது கார்க் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஆம்பிளைகள் இருக்கும்போது சிகப்பி முகப்புக்குப் போவதில்லை, எதுவானாலும் உள்ளே இருந்து ஆள் மூலமாகத்தான் சொல்லியனுப்புவாள், இன்றைக்குக் கால் தானாகப் போனது, இரண்டாம் கட்டு, வளவு, கூடம், இந்த வீடு எதற்கு இத்தனை நீளம்... அவர் சாய்வு நாற்காலியில் இருந்து நிமிர்ந்து பார்த்தார், மருதுவும் பார்த்தான். "இந்த இடம் வேண்டாங்க" என்றாள், குரல் தனக்கே புதிதாக இருந்தது, "அவ படிக்கட்டும், அப்புறம் பாப்போம். அப்படியே சொல்லி அனுப்புங்க." அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள், நாலு பேர் முன்னால் என்ன இது என்பார், அதற்குத் திருப்பிச் சொல்லக்கூட இரண்டு மூன்று வாக்கியம் வைத்திருந்தாள், எந்தப் புத்தகத்தில் இருந்தென்றுகூடத் தெரியும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நிஜமாகவே ஒன்றும் புரியாமல், "ஏன்?" என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் ஏன் என்று கேட்டதே இல்லை, ஒரு தடவைகூட இல்லை, அதுதான் அவள் மனதுக்குள் வைத்திருந்த பெரிய குறை... ஆனால் ஏன் என்று கேட்கும்படியாக அவள்தான் அவரிடம் எதைச் சொல்லியிருக்கிறாள், இதற்கு முன்னால், எதை... சிகப்பி யோசித்துக்கொண்டே நின்றாள், அவர் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.