நாலு வரிப் பாட்டு

அக்தர் பேகத்தின் பாட்டை எழுதித் தர வரிக்கு மூன்று ரூபாய் என்று படிந்தது. பேண்டு செட் கிருஷ்ணப்பன் கேட்டது ஐந்து. அரூரில் புளி மண்டி வைத்திருக்கும் ஹயாத் பாஷாவிடம் கேட்ட விலையை வாங்கிக்கொண்டு போனவர் யாருமில்லை. மனைவியின் தொண்டை விஷயம் என்பதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா?

சேலத்து டாக்டர் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். உயிர் தங்கும், பேச்சு போகும். மகள் ஷரீபுன்னிசாவுக்குப் பதினொரு வயது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பேச்சு இல்லை. அம்மா பாடினால்தான் சோற்றுக்கு வாய் திறப்பாள். எப்போதும் அந்த ஒரே பாட்டு. வரிக்கு ஒரு வாய்.

பாஷா தானே பாடிப் பார்த்தார். ஏலம் விட்டுப் பழகிய குரல். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. டேப் ரெக்கார்டரை வாடகைக்கு எடுத்துப் பதிந்து போட்டார். அம்மா எதிரே வாயை மூடி உட்கார்ந்திருக்க, பெட்டிக்குள்ளிருந்து அம்மா பாடினாள். ஷரீபுன்னிசா பெட்டியைப் புரட்டிப் பின்பக்கம் தேடிவிட்டு அழுதாள். கேசட்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாடகையில் பாதி தள்ளுபடி என்றான் கடைக்காரன். கொடுத்துவிட்டார்.

பாட்டைக் கேட்டு கிருஷ்ணப்பன் ஆர்மோனியத்தில் வாசித்தபோதுதான் பிள்ளை மறுபடி வாய் திறந்தது. அவனைத் தினமும் மூன்று வேளைக்குக் கட்டி வைக்க முடியாது. எழுதி வாங்க வேண்டியதுதான். அவனிடம் இரண்டு தினுசு இருந்தது. ஒன்று பேண்டுக்காரர்களின் கோட்டு நோட்டு: ஐந்து கம்பியில் புளியங்கொட்டை சிதறியதுபோல் இருந்தது. மற்றது ச ரி க. ஆர்மோனியக் கட்டையில் அதே எழுத்தைச் சாக்பீஸால் போட்டுவிட்டால் மண்டிக்காரர்கூட வாசிக்கலாம். பாஷா ச ரி க எடுத்தார். சரியான சரக்குதான், குறையில்லை.

“எட்டு வரிங்க பாய், இருவத்திநாலு ஆவுது.”

“எட்டு எங்கய்யா இருக்குது? நாலு வரிய மறுக்கா பாடுறா, அவ்வளவுதான். ஒரே மூட்டைய ரெண்டு தடவ எடை போடுறியா?”

“மறுக்கா வர்றப்ப கொஞ்சம் வேற மாதிரி எறங்குதுங்க.”

“கொஞ்சந்தான? நான் பாத்துக்கறேன்.”

எழுதட்டுமே என்று அக்தர் பேகம் சொல்ல வந்தாள்; இருமல் முந்திக்கொண்டது. தொண்டையை வருத்தாதே என்று பாஷா அன்பாகவே அதட்டினார்.

சேலத்திலிருந்து அவள் கழுத்தில் துணி சுற்றித் திரும்பினாள். மறுநாள் மதியம் அவள் சோற்றைப் பிசைய, பாஷா பழைய விலைக்கு வாங்கிய ஆர்மோனியத்தில் கட்டைகளைத் தேடித் தேடி அமுக்கினார். முதல் வரிக்கு ஷரீபுன்னிசா வாய் திறந்தாள். நாலு வரிக்கும் திறந்தாள். பாஷாவுக்குக் கண் கலங்கியது. மறுபடி முதல் வரிக்குப் போனார். பிள்ளை அவரையே பார்த்தது, உதட்டை இறுக்கிக்கொண்டது.

இன்னொரு தடவை வாசித்தார். திறக்கவில்லை.

அக்தர் பேகம் சோற்றுக்கையை உயர்த்தி மெல்லக் கீழே இறக்கிக் காட்டினாள். அவர் ஒரு கட்டை தள்ளி அமுக்கினார். இல்லையென்று தலையசைத்தாள். இன்னொன்று. அதுவும் இல்லை. அவளே கட்டைகளை அமுக்கித் தேடினாள்; தொண்டைக்குத் தெரிந்தது விரலுக்கு அகப்படவில்லை.

கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டார்கள். நடுவில் எத்தனையோ கல்யாணம் வாசித்துவிட்டதாகவும் முதல் பாதிதான் நினைவிருப்பதாகவும் தலையைச் சொறிந்தான். டேப் கடையில் கேசட்டின் மேல் யாரோ கோயில் திருவிழாவைப் பதிந்திருந்தார்கள்.

பாஷா ஆர்மோனியத்தை மூடவில்லை. தினமும் வாசிக்கிறார், தினமும் அந்தத் திருப்பத்தில் அக்தர் பேகத்தின் தலை அசைகிறது. பிள்ளை இளைத்துக்கொண்டே வருகிறது.

பேரத்தில் மிச்சம் பன்னிரண்டு ரூபாய். வேளைக்கு உள்ளே போவது நாலு வாய். பாக்கி நாலு வரி.