நனைந்தும் இறுகிய வார்

தோலைப் பற்றி ஆம்பூர்க்காரனுக்குப் புத்தி சொல்லப் போனதுதான் ரிஹான் செய்த தப்பு. வேலூர் பஜாரில் வாட்ச் கடை வைத்திருக்கும் ரிஹானும் கோபியும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். கோபிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. பாண்டிச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து, சுற்றுவட்டாரத்தில் கிணற்றிலோ குட்டையிலோ யார் விழுந்தாலும் அவனுக்குத்தான் போன் வரும். முங்கும்போது ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் புகுந்து அது உயிரை விட்டுவிட்டதால், இப்போது வாட்ச் தேடி வந்திருந்தான்.

ரிஹான் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று புத்தம் புதுசு, இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று பளபளவென எழுதியிருந்தது. இன்னொன்று யாரோ கட்டிக் கழற்றிய பழசு.

"எழுதினத நம்பாத தோஸ்த். புதுசுல சாவிக் குமிழ திருகி மூட முடியாது, தண்ணி பூந்துடும். பழச பாரு, கெட்டியா மூடுது. இந்த வளையமும் ஒரு பக்கம்தான் திரும்பும்."

கோபி திருகிப் பார்த்தான். வளையம் இடப்பக்கமாக மட்டுமே நகர்ந்தது. இறங்கும்போது அதிலுள்ள முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், முள் அதைத் தாண்டிப் போன தூரம்தான் தண்ணீருக்குள் கழித்த நேரம். எதிலாவது இடிபட்டு வளையம் நகர்ந்தாலும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டவே காட்டாது. ஏமாந்தால்கூட சீக்கிரம் மேலே வருவோமே தவிர, உள்ளே தங்கிச் சாக மாட்டோம். அந்த ஒரு காரணத்துக்காகவே பழசை எடுத்துக்கொண்டான்.

"ஸ்ட்ராப்பு அறுந்திருக்குது. ரப்பர் போட்டுத் தரேன்."

"வேணாம். எங்க கம்பெனி எருமத்தோல்ல நானே தச்சுக்கறேன்."

"தோல யாராச்சும் தண்ணில வுடுவாங்களா? ஊறி லூசாயிடும்டா."

"கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்காத."

ஊறிய தோல் நெகிழும் என்பது கோபிக்குத் தெரியாதா என்ன? பதினைந்து வருஷமாக அதே தோலோடுதான் பிழைப்பு. எல்லாம் வீம்பு.

மறு வாரம் பள்ளிகொண்டா பக்கத்துக் கல்குவாரிக் குட்டையிலிருந்து போன் வந்தது. வள்ளியம்மாளின் மகன் ஹேமந்த், ராணிப்பேட்டையில் வேலை பார்ப்பவன், லீவில் வந்து குளிக்கப் போய் இரண்டு நாளாகிவிட்டது. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை.

"உசுரு கேக்கல தம்பி. ஒடம்ப குடு, போதும்" என்றாள் வள்ளியம்மாள்.

எண்பது அடி ஆழம். சிலிண்டர் இருபது நிமிஷம்தான் தாங்கும். அதற்கு மேல் இருந்தால் மேலே வரக் காற்று மிஞ்சாது. கோபியின் மனைவி மேகலா கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இருபதாவது நிமிஷம் போனைப் பார்த்து இரண்டு இழு இழுப்பாள்.

கீழே கண்ணுக்குக் கை தெரியவில்லை. காற்று மீட்டரின் முள்ளும் தெரியவில்லை. பச்சையாக ஒளிர்ந்த வாட்ச் ஒன்றுதான் துணை. பாறை இடுக்குகளில் துழாவிக்கொண்டே போனான். பார்த்தபோது எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அப்போதுதான் வார் இறுகியது.

தண்ணீரில் தோல் இறுகாது. காய்ந்தால்தான் இறுகும். எந்தத் தோல் ஷாப்பில் கேட்டாலும் சொல்வார்கள். கோபி மணிக்கட்டை அசைத்துப் பார்த்தான். இன்னும் இறுகியது.

பாறையில் சிக்கியிருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு தேடினான். வெகுநேரம் தேடிவிட்டு மறுபடி பார்த்தான். நாலு நிமிஷம் என்றது வாட்ச். முள் முன்னேதான் போயிருந்தது. வளையம்தான் வலப்பக்கமாக, திரும்பவே முடியாத பக்கமாக, திரும்பியிருந்தது.

கோபிக்கு உயிர்ப்பயம் வந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முக்கோணம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மூணு நிமிஷம். அவசரமில்லை, இரு என்பது மாதிரி.

இடுப்புக் கயிறு இரண்டு முறை இழுபட்டது.

வாட்ச் பதினேழு நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்கிறது. மேகலா ஒன்றுமே மிச்சமில்லை என்கிறாள். அவன் பெண்டாட்டியை நம்பினான். காலை உந்தினான். உடம்பு எழும்பியது, இடது கை மட்டும் வரவில்லை. உதறினான். மூன்றாவது உதறலில்தான் விட்டது.

கரையேறும்போது சிலிண்டரில் இரண்டு மூச்சுக் காற்றுகூட இல்லை. மேகலா பயத்தில் அவனைத் திட்டிக்கொண்டே வாட்சைக் கழற்றப் போனாள். கழற்றத் தேவையே இருக்கவில்லை. வார் தொளதொளவென்று ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கடியில் மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் அழுத்திய தடம் கன்றிப்போயிருந்தது. கடைசி விரலின் தடம் பாதிதான் இருந்தது.

வள்ளியம்மாள் கிட்டே வந்து அந்தக் கையை எடுத்தாள். பாதி விரல் தடத்தைத் தடவினாள்.

"மிசின்ல போன வெரலு" என்றாள். "எம்புள்ளதான்."

கோபி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. அவள் பார்வை, அவன் வந்த ஆட்டோவில் இருந்த இன்னொரு சிலிண்டரின் மேல் இருந்தது.

"இன்னொரு தபா எறங்கு தம்பி. இந்தத் தபா அவன் புடிச்சா, ஒதறாத."