காலைப் புரட்டு

தொழிற்சாலை பஸ்ஸில் போகவர தினேஸ்வரி ஒலிப்புத்தகம் கேட்பாள். ஒன்றரை மடங்கு வேகத்தில். முடித்ததும் ஒலிப்புத்தகம் கேட்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போடுவாள். ஒளிவுமறைவு கிடையாது.

ஒரு துப்பறியும் நாவலுக்கு: "கதையில ஆளு அழுவுறதுக்கு முந்தியே படிக்கிறவரு அழுவுறாரு." ஒரு சரித்திரக் கதைக்கு: "அத்தியாயத்துக்கு அத்தியாயம் வீணை. கல்யாண மண்டபத்துல பந்திக்கு உக்காந்த மாதிரி இருக்குலா."

குழுவில் பலர் இதற்காகவே காத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் போட்டது ஒரு தோட்டத்துக் கதைக்கு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிறுத்துவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தினேஸ்வரி, பெரட்டு மணி கேட்டு எழுந்தவள். கதை படித்தவள் புரட்டு என்று படித்திருந்தாள்.

"காலையில எல்லாரும் புரட்டுக்குப் போனாங்களாம். ஊரே சேந்து பொய் சொல்லவா போச்சு? நிலாவாம் பேரு. சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து படிச்சிருக்கும். தோட்டத்து மண்ண மிதிச்சிருக்காது."

சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன.

சற்று நேரத்தில் தம்பி ஷர்வின் அழைத்தான்.

"அக்கா, சாயங்காலம் வீட்டுக்கு வா. புனிதா ஒரு புக்கு படிச்சு ரெக்கார்ட் பண்ணிருக்கா. யாருக்கும் சொல்லல. துணி அலமாரிக்குள்ள உக்காந்து, ஃபேன்கூட இல்லாம. நிலான்னு பேரு வச்சிருக்கா. அடுத்த புக்கும் கேக்குறாங்க. உங்க குரூப்புல என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு பதில் சொல்றேங்கிறா."

தினேஸ்வரி பதிவை அழித்தாள். அழித்த இடத்தில் அழித்ததற்கான வரி நின்றது. சிரிப்புகளும் நின்றன. உறுப்பினர் பட்டியலைத் தேடினாள். தம்பி மனைவி புனிதாவின் எண் இருந்தது. எப்போது சேர்ந்தாள் என்று தெரியவில்லை.

சாயங்காலம் சிலிபினில் தம்பி வீட்டில் புனிதா தேநீர் கொடுத்தாள். வழக்கம்போல் சீனி குறைவு. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

சாதாரண வேகத்தில் ஓடவிட்டார்கள். புனிதாவின் குரல்தான். அவசரமே இல்லை. இது எப்படித் தெரியாமல் போனது? புரட்டு வந்தது. ஷர்வின் வடையைக் கடித்தபடி தலையாட்டினான்.

"எப்படிக்கா?"

"நல்லா இருக்கு."

புனிதா கைப்பேசியை எடுத்தாள். "மத்தியானம் என்னமோ போட்டு அழிச்சிருக்கீங்க அண்ணி."

"அது வேற புக்குக்கு."

"அப்ப சரி. அடுத்ததையும் படிக்கிறேன்னு எழுதிடவா?"

புனிதாவின் கட்டைவிரல் திரைமேல் நின்றது. தினேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது பெரட்டு," என்றாள். "புரட்டு இல்ல."

ஷர்வின் மெல்லுவதை நிறுத்தினான்.

"அவங்க குடுத்த பேப்பர்ல புரட்டுன்னுதான் இருந்துச்சு," என்றாள் புனிதா. "எனக்கும் சந்தேகம்தான். உங்ககிட்ட கேக்கலாம்னு நெனச்சேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"நீங்க சிரிப்பீங்க."

புனிதா எதையோ எழுதி அனுப்பினாள்.

"அந்த இடத்தத் திருத்திப் படிச்சுத் தரேன்னு சொல்லிட்டேன். அடுத்த புக்கு அப்புறம் பாக்கலாம்." தினேஸ்வரியின் கைப்பேசியை அவள் பக்கம் தள்ளினாள். "மத்தியானம் சொன்னத மறுபடி போடுங்க அண்ணி. நல்லா இருக்குன்னு மாத்திச் சொல்ல வேணாம். ஏசி ரூமையும் விட்டுறாதீங்க."

ஏசி ரூம் பற்றித் தினேஸ்வரி இந்த வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை.