சீல் உடைக்காத டப்பா

கலக்... கலக்... கலக்.

புரோட்டீன் பவுடர் கலக்கும் ஷேக்கருக்குள் கம்பிப் பந்து மோதும் சத்தம். கட்டிலில் குப்புறக் கிடந்த குள்ளி வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். அறையில் யாருமில்லை. எதிர்க்கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்து மூன்று வாரமாகிறது. ஆனாலும் பயிற்சி முடிந்து வந்து விழுந்த மறுநிமிடம் அந்தச் சத்தம் வந்துவிடுகிறது. அறைத்தோழி நெட்டை இருந்தவரைக்கும் அப்படித்தான். ஓடி முடித்த அரைமணிக்குள் தசைக்குப் புரோட்டீன் போய்ச் சேர வேண்டும் என்பது அவளுக்கு வேதவாக்கு. இருவருக்கும் ஒரே டப்பா, ஒரே கரண்டி, ஒரே ஷேக்கர். தான் ஒரு மடக்கு குடித்துவிட்டு நீட்டுவாள்.

“குடிச்சுத் தொலைடி. இல்லன்னா நாளைக்கு உன் காலு உன் பேச்சக் கேக்காது.”

இப்போது கால் பேச்சைக் கேட்பதில்லைதான். பயிற்சியில் கிழிகிற தசை ஓய்வில் கூடிவிடும் என்பார் கோச். குள்ளியின் தொடைகளில் மூன்று வாரமாக எதுவும் கூடவில்லை. அவர் வாங்கித் தந்த புதுப் பவுடரின் வாசனை பட்டாலே குமட்டியது. எட்டு நாளில் தேசிய அணிப் பட்டியல்.

சுவரில் தங்கப் பதக்கம் தொங்கியது. எண்ணூறு மீட்டர். அன்றைக்கு முதலில் வந்தவள் நெட்டை. ஒரு தோள் வித்தியாசத்தில் குள்ளி இரண்டாவது. ஜெயித்தவளை மட்டும்தான் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். சிறுநீரில் தடை செய்த மருந்து. நெட்டை பெட்டியைக் கட்டினாள். பதக்கம் இந்தக் கழுத்துக்கு வந்தது. இவளை யாரும் சோதிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. நெட்டையின் அம்மா, கையில் ஒரு பையோடு.

“தூங்கிட்டியா கண்ணு? மிச்சம் மீதிய எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

ஸ்பைக் ஷூ, இரண்டு டீ-சர்ட், ஒரு சீப்பு. மகளின் முடி சிக்கியிருந்த சீப்பை அம்மா கொஞ்சநேரம் பார்த்தாள்.

“நாலு மணிக்கு விசாரணை. அதே பேட்ச்ல சீல் உடைக்காத டப்பா ஒண்ணு கெடச்சாப் போதும், பவுடர்லயே கலப்படம்னு நிரூபிச்சிடலாங்கறாரு வக்கீல். எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டேன். நீங்க ரெண்டு டப்பா வாங்கினீங்கதானே? உன்னைப் பத்திக் கேட்டா மட்டும் அந்தக் கழுதை வாயே தொறக்க மாட்டேங்குது.”

இரண்டாவது டப்பா இதோ, அம்மா உட்கார்ந்திருக்கும் கட்டிலுக்கு அடியில், துண்டில் சுற்றிக் கிடக்கிறது. எறியவும் குள்ளிக்கு மனசு வரவில்லை, எடுத்துக் கொடுக்கவும் கை வரவில்லை. நெட்டை பெட்டி கட்டிய அன்றே கோச் சொல்லிவிட்டார்: “டப்பாவக் குடுத்தா, நீயும் குடிச்சது வெளிய வரும். பட்டியல், பதக்கம் எல்லாம் போயிடும். அவதான் போயிட்டா, நீயாவது மிஞ்சு.”

“ரெண்டும்... தீந்துபோச்சும்மா.”

“ம்.” அம்மா எழுந்தாள். வாசலில் நின்று, ஏதோ நினைவு வந்தவளாய்ப் பையிலிருந்து ஷேக்கரை எடுத்து நீட்டினாள். “மறந்தே போயிட்டேன். உன்கிட்டக் குடுக்கச் சொன்னா. ‘அவ ஒழுங்காக் கலக்கிக் குடிக்க மாட்டா, நீயே ஒருதரம் கலக்கிக் குடுத்துட்டு வாம்மா’ன்னு பெரிய மனுஷி மாதிரி சொல்றா.”

சிரிக்கப் பார்த்து, முடியாமல், படியிறங்கிப் போனாள்.

ஷேக்கர் கையில் கனத்தது. காலி ஷேக்கர் இவ்வளவு கனக்குமா? மணி மூன்று.

குள்ளி தரையில் மண்டியிட்டாள். துண்டை உருவினாள். டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். முதல் படியிலேயே தொடை இரண்டும் அலறின. கைப்பிடியைப் பற்றித் திரும்பி நின்றாள். கடும் பயிற்சிக்குப் பிறகு முதுகைக் காட்டி இறங்கினால் வலி குறையும். நெட்டை சொல்லிக் கொடுத்த வித்தை. “திரும்பி எறங்குடி கெழவி!”

ஒரு படி. இன்னொரு படி. விரலில் தொங்கிய ஷேக்கர் ஒவ்வொரு படிக்கும் ஆடியது.

கீழே ஒரு கதவு திறந்தது. கோச்சின் அறை படிக்கட்டை ஒட்டித்தான். செருப்புச் சத்தம் இரண்டடி வந்து, நின்றது. போன அம்மா திரும்பி வந்தாளா? இல்லை, அவரேதானா? பின்பக்கமாக இறங்குகிறவளுக்குக் கீழே நிற்பவரின் முகம் தெரியாது.

“என்ன அது கையில?” என்று யாரும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

குள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவை இறுக்கிக்கொண்டு, வலது காலை அடுத்த படிக்கு இறக்கினாள்.

கலக்.