கோச்சம்மாவின் அப்பா

"இன்னும் ரெண்டே ரெண்டுப்பா! உக்காரு, எந்திரி!"

"கோச்சம்மா, மனசாட்சியே இல்லையா உனக்கு? தொடை ரெண்டும் கல்லாட்டம் கனக்குதும்மா."

"வலிக்குதா? சூப்பர்! வலிச்சாதான்ப்பா சதை ஏறும்."

ஜிம்மில் கோச்சாக இருப்பதால் அப்பா வாயில் 'கோச்சம்மா' ஆகிவிட்ட மகளுக்கு வாய்க்குப் பழகிப்போன வசனம் அது. வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லுவாள். அப்பாவுக்குத் தையல் வேலை. நாள் முழுக்க மெஷின் முன்னால் முதுகை வளைத்தே வாழ்ந்த மனிதர். ரத்தத்தில் கொழுப்பு எகிறிக் கிடக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்த அன்றே, "கொழுப்ப அவர் பாத்துக்கட்டும், உடம்ப நான் பாத்துக்கறேன்" என்று இவள் களத்தில் குதித்துவிட்டாள்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகு வலியும் கூடியது. அப்பா படி இறங்கச் சுவரைப் பிடித்தார். மெஷினை மிதிக்கக் கால் ஒத்துழைக்கவில்லை. தோளும் வலிக்கிறது என்றார். தோளுக்கு அவள் பயிற்சியே கொடுத்திருக்கவில்லை. அது அவளுக்கு உறைக்கவும் இல்லை.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமாடி?" என்றாள் அம்மா.

"ஐயோ, நீ வேறம்மா! ஓபி அடிக்கப் பாக்கறாரு. செல்லம் கொடுத்தே கெடுத்து வெச்சிருக்க."

அப்பா சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்து எழுந்தார். மகள் முகம் வாடுவதை அவரால் தாங்க முடியாது.

ஞாயிறு காலை பாத்ரூமிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "அம்மாடி, யூரின் டிக்காஷன் கணக்கா போகுது. எந்திரிக்க முடியலம்மா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"ரொம்ப அபூர்வமா சிலருக்கு இந்த மாத்திரை சதையையே சிதைச்சிடும். இவரு கடுமையா எக்சர்சைஸ் வேற பண்ணியிருக்காரு. சிதைஞ்ச சதையெல்லாம் கிட்னிய அடிச்சிடுச்சு. டயாலிசிஸ் பண்ணணும். வலி வந்தப்பவே சொல்லியிருந்தா மாத்திரைய நிறுத்தியிருப்போமே?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"கால் பழையபடி வருமா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"இப்ப சொல்ல முடியாதும்மா."

உள்ளே கழுத்தோரம் குழாயோடு கிடந்தார் அப்பா. காலை அசைக்க முயன்று, பல்லைக் கடித்து, விட்டுவிட்டார்.

அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து, தொடப் பயந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாப்பா?"

எதைச் சொன்னால் மகளுக்குப் பிடிக்கும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.